ஒரு விரற்கடை உயரம்

என் வேலை மேசைக்கு மேலே ஆணியில் ஓர் ஒற்றை ஷூ தொங்குகிறது. கறுப்பு நிறம், வலது கால், பத்து வயதுப் பிள்ளைக்கான அளவு. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், திருஷ்டிக்கா?" என்பார்கள். ஆங், திருஷ்டிக்குத்தான் என்று வாயை அடைத்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் என் கையால் செய்த காலை மாட்டிக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்?

நான் செயற்கைக்கால் செய்கிறவன். அரக்கோணத்தில் தர்ம காரியமாகக் கால் செய்து கொடுத்த ஒரு கூடத்தில் சேர்ந்த முதல் வருடம், பள்ளிப்பட்டுப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் தன் மகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மணல் லாரி ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. அவர் பாப்பா என்று கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டேன். பாப்பாவுக்கு அழுகையெல்லாம் கிடையாது, அதட்டல்தான். "நல்லா பண்ணுங்க சார், பள்ளிப்பட்டு பஸ்ஸுல ஏறணும்" என்பாள். ஆறாம் வகுப்புக்கு அங்கேதான் போகவேண்டும். தகப்பனுக்கோ பயம். "பஸ்ஸுல எவனாச்சும் தள்ளிவுட்டா யாரு பாக்கறது? வைகாசிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படி மொத்தமும் அவளே ஏறட்டும். ஏறிட்டா இஸ்கூலுக்கு அனுப்பறேன். இல்லன்னா ஊட்ல தறிக்கு நூல் சுத்திகினு கெடக்கட்டும்" என்று என் எதிரிலேயே சொல்லிவிட்டார். அவள் உடனே "ஏறுவேன் நைனா" என்றாள்.

கால் கொடுக்கும் விழாவுக்கு வந்த ஒரு பிரமுகர், கால் வாங்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஷூ வாங்கி வந்திருந்தார். குதிகால் ஒரு விரற்கடை உயரம். புதுக்காலும் புது ஷூவுமாகப் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கவேண்டும், போட்டோ எடுக்கவேண்டும். நாங்கள் பொருத்தியது கணுக்கால் மடங்காத பாதம், எந்தக் குதிகால் உயரத்துக்குத் திருகாணியை முடுக்குகிறோமோ அந்த உயரத்தில்தான் நேராக நிற்கும். போட்டோவுக்காக நான் ஷூவின் உயரத்துக்கு முடுக்கினேன். ஷூவைக் கழற்றினால் குதிகால் கீழே இறங்கி உடம்பு பின்பக்கம் சாயும் என்பது எனக்குத் தெரியும். வெறுங்காலோடு எங்கெல்லாம் நடப்பாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அவள் வீட்டிலும் யாரும் கண்டுபிடிக்க வழியில்லை. ஷூ வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால், பாப்பா வாசலிலேயே ஷூவோடு காலையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே தவழ்ந்து போவாளாம். பயிற்சியெல்லாம் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து மாடிப்படியில், ஷூவோடு, தினமும் இருபது தடவை.

கிருத்திகையன்று நானும் போயிருந்தேன். நான் செய்த கால் மலை ஏறுவதைப் பார்க்கும் பெருமை. முதல் படியில் அவள் ஷூக்காலை வைத்ததும் பூ விற்கிற அம்மா கத்தினாள்: "யோவ், சாமி படியில ஷூவோட ஏறுது பாரு, கழட்டச் சொல்லு." தகப்பன் பதறிப்போய் இரண்டையும் கழற்றி, இடது ஷூவைத் தன் பையில் போட்டுக்கொண்டு, வலது ஷூவை என் கையில் கொடுத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இத்தனை கூட்டத்துக்கு நடுவில், நான் செய்த கால் ஷூ இல்லாமல் நிற்காது என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படியாவது சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், படுபாவி.

ஒன்பது படி ஏறினாள். பத்தாவதில் பின்பக்கம் சாய்ந்து உருண்டு வந்தாள். உதடு கிழிந்துவிட்டது. "நொண்டிக்கு எதுக்குப்பா இந்த வேண்டாத வேலை" என்றது ஒரு குரல், யாரோ சிரித்தார்கள். அவளே எழுந்து மறுபடி ஏறினாள், மூன்றாம் படியில் விழுந்தாள். "இன்னொரு வாட்டி நைனா, இன்னொரே வாட்டி" என்று கெஞ்சினாள். அவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவரும் அழுதுகொண்டிருந்தார். "சாமியே வேணாம்னு தள்ளிட்டாரு. வுடு பாப்பா" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. பழி முருகன் தலையில் விழுந்துவிட்டது, என் வேலை தப்பித்தது. குதிகாலுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு ஒட்டியிருந்தால் போதும், ஏறியிருப்பாள். என் பையில் ரப்பரும் இருந்தது, பசையும் இருந்தது. அவர்கள் போன பிறகுதான் ஷூ என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன்.

இன்று என்னிடம் வரும் பிள்ளைகளை முதலில் வெறுங்காலோடுதான் நிற்க வைக்கிறேன். வீட்டில் எப்படி, கோயிலில் எப்படி, மழையில் எப்படி என்று குடைந்து குடைந்து கேட்கிறேன். அவர்கள் ஓடுகிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள், பஸ்ஸில் அடித்துப் பிடித்து ஏறுகிறார்கள். பிள்ளைகளின் மனசு தெரிந்தவர் என்று பெற்றவர்கள் என்னைப் புகழும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் பாப்பா வந்தாள். பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அக்குளில் கட்டை, விரல்களில் நூல் அறுத்த கோடுகள். பெண் பார்க்க வருகிறார்களாம், எழுந்து நின்று காட்டவேண்டுமாம், அதற்காக ஒரு கால் வேண்டும். அளவு எடுக்கும்போது, பழைய கதையை அவளே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு என் மேலதான் சார் தப்பு. கிருத்திகை விரதம், ஆனா பசி தாங்காம யாருக்கும் தெரியாம ஒரு வெங்காய வடை துன்னுட்டேன். அதான் சாமி தள்ளிட்டாரு. இது வரிக்கும் நைனாகிட்ட கூட சொன்னதில்ல."

டேப்பைக் கீழே வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருடமாக ஒரு வடையைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். ஆணியிலிருந்து ஷூவை எடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். முடுக்கியது, தெரிந்தே வாய் மூடி நின்றது, பையில் இருந்த ரப்பர். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஷூவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குதிகாலின் பக்கத்தில் தன் கட்டைவிரலைப் படுக்க வைத்து அளந்து பார்த்தாள். சரியாக இருந்தது.

"இவ்ளோதானா சார்?" என்றாள்.