லில்லி என்றொரு புள்ளி

விழிஞ்ஞம் துறையில் உச்சி வெயில். கரையேற்றிய படகின் நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கிறார் கிளீட்டஸ். அவர் மடியில், போன மாதம் வாங்கிய ஜி.பி.எஸ். கருவி. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். காட்டச் சொல்லிக் கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"சாருக்கு வள்ளம் உண்டா?"

"மதுரைக்காரனுக்குப் படகு எதுக்குங்க?"

சிரித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்புகிறார். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைகள் அதில் புள்ளிகளாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதற்குள் இன்னொரு படகுக்காரர் பக்கத்தில் வர, கருவி சட்டென்று கைலி மடிப்புக்குள் போய்விடுகிறது. அவர் கடந்து போன பிறகுதான் வெளியே வருகிறது.

ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் எண் இல்லை. லில்லி என்று பெயர் இருக்கிறது.

"இங்கதான் மீன் நெறையக் கிடைக்குமா?"

"ஐயோ, அவிட மீனொண்ணும் கிட்டாது சாரே. திரும்பி வரும்போ மொபைலுக்கு அங்கதான் முதல்ல ரேஞ்ச் கிட்டும். லில்லி எனக்க கெட்டியவ. அவளுக்க அப்பன் கடலுக்குப் போயி திரும்பி வரேல்ல. நான் போன்ல விளிச்சுச் சொல்லாம அவ பச்சத்தண்ணி குடிக்க மாட்டா."

"இந்த இடத்தையும் யாருக்கும் சொல்ல மாட்டீங்களா?"

கிளீட்டஸ் வலையைக் கீழே வைக்கிறார்.

"இத மட்டும் எல்லாருக்கும் குடுத்தாச்சு. இப்போ போனாரே, அவருக்க மிஷின்லயும் லில்லின்னுதான் கிடக்கு."