அக்கா நாற்பதில் ஓட்டிய வண்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுவது. அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட மலர்களில் "இல்லறத்தை நல்லறமாக நடத்தினார்" என்று ஒரு வரி இருக்கும். அச்சகத்தில் கேட்காமலேயே அதை அடித்து வைத்திருந்தார்கள். எடுக்கச் சொல்லிவிட்டேன். "சாலை விபத்தில் உயிர் தப்பினார்" என்று ஒரு வரி சேர்க்கும்படி அக்காவின் புகுந்த வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அதையும் சேர்க்கவில்லை. அது விபத்து இல்லை.

அக்கா வேப்பந்தட்டையில் பிறந்தார். அப்பாவுக்கு மானாவாரிக் காடு. மழை பெய்தால் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும், பெய்யாவிட்டால் கோபம்தான் விளையும். மூத்த பிள்ளை என்பதால் முதல் அடி அக்காவுக்கு. அப்பாவின் மோட்டார் சைக்கிளை அறுவடை முடிந்த காட்டில் தானாகவே ஓட்டிப் பழகினார். முதல் நாள் முள்வேலியில் போய் விழுந்து முழங்கை கிழிந்தது. மறுநாள் கட்டோடு போய் ஏறினார். அவர் சுபாவம் அப்படி.

ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தோம். அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை. குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். பெல்ட்டின் கொக்கி பட்டு அக்காவுக்கு இடது காது மந்தமானது. அப்பா காலமான பின் அவருடைய வண்டி அக்காவுக்கு வந்தது. அதில் புடவையும் நைட்டியும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். அக்கா வெளியே போய் வரப் போய் வர, வீட்டில் அடியும் கூடியது.

ஒரு நாள் காலை, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற சாலையில் போய்க்கொண்டிருந்தபோது என்ஜின் அலறிக்கொண்டு இறுகி நின்றுவிட்டது. பின்சக்கரம் பூட்டிக்கொள்ள, வண்டி அக்காவைத் தூக்கி எறிந்தது. தோள்பட்டை எலும்பு உடைந்தது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் லாரியை ஒடித்துப் பள்ளத்தில் இறக்கினார். லாரியின் சக்கரம் புடவை மூட்டையின் மேல் ஏறியது. ஒரு முழம் தள்ளி அக்காவின் தலை. கூடிய கூட்டம் ஓட்டுநரை இழுத்துப் போட்டு மிதித்தது. அவர் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. கீழே கிடந்தபடியே அக்கா கத்தினாராம்: "அந்த ஆள அடிக்காதீங்க. அவருதாங்க என்னக் காப்பாத்துனாரு."

ஆஸ்பத்திரிக்கு வந்த கணவர், பெண்பிள்ளைக்குக் கியர் வண்டி எதற்கு என்று எல்லோரிடமும் கேட்டார். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகவும் சொன்னார். அக்கா என்னையும் தம்பியையும் அனுப்பி, வண்டியை மினி லாரியில் ஏற்றிப் பெரம்பலூருக்குக் கொண்டுவரச் செய்தார். அங்கே லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பாய் என்றுதான் அழைப்போம். சவூதியிலிருந்து திரும்பி வந்தவர்.

கையைக் கழுத்தில் தொட்டில் கட்டிக்கொண்டு அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்தார். பாய் என்ஜின் ஆயிலை ஒரு தட்டில் வடித்தார். தட்டின் அடியில் மண் தேங்கியது. அந்தச் சாலையின் புழுதி வெள்ளையாக இருக்கும். இது கருஞ்சாம்பல் நிறம். அக்காவின் வீட்டுக் கொல்லையில் பாத்ரூம் கட்டக் கொட்டியிருந்த, கருங்கல்லை அரைத்த எம்-சாண்ட் மணல். பாய் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "தங்கச்சி, இது பறந்து வந்து வுழுந்த மண்ணு இல்லம்மா. ஆயில் மூடியத் தொறந்து போட்ட மண்ணு."

தம்பி எழுந்து அரிவாளைத் தேடிப் போனான். அக்கா நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ உள்ள போயிட்டா எனக்கு ஆரு இருக்கா? மொதல்ல வண்டி ஓடட்டும்."

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. அக்கா சுத்தியலை வாங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். யாரை நினைத்து அடித்தார் என்று நான் கேட்கவில்லை. பிஸ்டன் வெளியே வந்தபோது அதன் உடம்பெல்லாம் கீறல். பிறகு லேத்தில் கொடுத்துச் சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன், கனெக்டிங் ராடு, பேரிங் எல்லாம் மாற்றி, ஒவ்வொரு துளையையும் மண் போகக் கழுவிப் பூட்டினார் பாய். அதற்குள் அக்காவின் எலும்பும் கூடியிருந்தது. புதுப் பிஸ்டன் பழகும்வரை நாற்பதுக்கு மேல் போனால் மறுபடி இறுகிவிடும் என்று பாய் கண்டிப்பாகச் சொன்னார்.

கணவர் வீட்டில் இருந்த அக்காவின் மகளை அழைத்துவரக் கிளம்பினோம். நான் பின்னால் உட்கார்ந்தேன். அவ்வளவு ஆத்திரத்தையும் வைத்துக்கொண்டு அக்கா நாற்பதிலேயே போனார். வழியில் மாட்டுவண்டியைத் தவிர எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சிரிப்பு.

கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா கீறல் விழுந்த பிஸ்டனை அவர் தட்டுக்கு முன்னால் வைத்தார். "ஓம் மண்ணு பண்ண வேலயப் பாத்துக்கிட்டே சாப்புடு."

அவர் எழுந்து, ஒடிந்து கூடிய தோளிலேயே குத்தினார். அக்கா சரிந்தார். எழுந்தபோது கையில் பிஸ்டன் இருந்தது. ஒரே அடி. அவர் வாய் கிழிந்து பல் சோற்றில் விழுந்தது. மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். அக்கா பிஸ்டனை என் கையில் திணித்து, மகளை இழுத்து எனக்கும் தனக்கும் நடுவில் உட்காரவைத்து வண்டியைக் கிளப்பினார். கணவரின் தம்பிமார் கல்லை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒரு கல் என் முதுகைப் பிளந்தது. வேகமாகப் போகச் சொல்லிக் கெஞ்சினேன்.

"பாய் நாப்பதுன்னாரு. இப்ப வண்டி நின்னா மூணு பேரும் செத்தோம். குனிஞ்சிக்க."

நாற்பதிலேயே வந்து சேர்ந்தோம்.

அதன் பிறகு அக்கா பெரம்பலூரிலேயே வாடகை வீட்டில் இருந்து, அதே வண்டியில் வியாபாரம் செய்து, மகளை நர்சிங் படிக்கவைத்தார். மார்பில் கட்டி வந்தபோதும், கைப்பிடியைப் பிடிக்கத் தெம்பிருந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டிப் போனார். கடைசி நாட்களில் மகளின் மடியில்தான் தலை வைத்திருந்தார். அக்கா இல்லாத வீடு இன்னும் எனக்குப் பழகவில்லை.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், பாய்க்கும், அடி வாங்கியும் ஆஸ்பத்திரிவரை கூட வந்த பெயர் தெரியாத அந்த லாரி ஓட்டுநருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அனைவரும் படையலுக்கு வந்து உண்டு செல்ல வேண்டும்.

அக்காவின் கணவருக்கும் இந்த மலர் போய்ச் சேரும். அவரும் வரலாம். இலை போட்டு நானே பரிமாறுகிறேன். அக்காவின் படத்துக்கு முன்னால் பூவும் பலகாரமும் வைக்கிற இடத்தில் அந்தப் பிஸ்டனும் இருக்கும். அவருக்கு அதற்கு நேர் எதிரேதான் இலை.