பாதி அழிந்த எழுத்து

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்குப் பக்கத்து அறையொன்றில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். காங்கேசன்துறைப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றுக்கு வள்ளங்களின் பதிவு அட்டை தயாரிப்பது என் பொறுப்பு. விவரங்களை என் மடிக்கணினியில் அடிப்பேன். அவை போய்ச் சேரும் யூனிக்ஸ் சேர்வர் கொழும்பில் இருந்தது. கறுப்புத் திரையில் வள்ளத்தின் பெயர் என்ன என்று அது கேட்கும், நான் அடிப்பேன்.

ஒரு காலை, வள்ளச் சொந்தக்காரி ஒருவர் தன் அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கணவர் இறந்த பிறகு ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறவர். இடம்பெயர்ந்திருந்து ஊர் திரும்பிய பின் வாங்கிய வள்ளத்துக்குப் ‘புதுவாழ்வு’ என்று பெயர் வைத்திருந்தார். அட்டையில் ‘வா’வுக்கும் ‘ழ்’க்கும் நடுவே கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் ஒன்று இருந்தது. இப்படிப் பெயர் உடைந்த அட்டைகள் அதற்கு முன்னும் நாலைந்து வந்திருந்தன.

“பிள்ளை, உது என்ரை வள்ளத்தின்ரை பேர் இல்லை.”

“மாத்தித் தாறன், அம்மா.”

“இங்கிலீஷிலை அடிச்சுத் தந்திடாதை. முந்தி அப்பிடித்தான் தந்தவை. கடலிலை மறிச்ச நேவிக்காரர் அட்டையிலை ஒரு பேர், வள்ளத்திலை ஒரு பேர் எண்டு மத்தியானம் வரைக்கும் விடேல்லை. பிடிச்ச மீன் முழுக்கப் பழுதாப் போச்சு.”

கொழும்பில் இருந்த எங்கள் பொறுப்பாளரை அழைத்தேன். அவரும் எங்கள் பக்கத்து வட்டுக்கோட்டைக்காரர்தான்.

“உங்கடை பக்கத்து லைன் பிழையாக்கும். பேசாமல் இங்கிலீஷிலை அடியும்,” என்றார்.

“லைன் பிழையெண்டால் இங்கிலீஷும் எல்லோ உடையவேணும், அண்ணை?”

“நாலைஞ்சு பேருக்காகச் சேர்வரிலை கை வைக்கேலாது.”

“நான் இங்கிலீஷிலை அடிக்க மாட்டன்.”

“அப்ப எங்கை பிழையெண்டு காட்டும்,” என்று தொலைபேசியை வைத்தார்.

கோபம் ஆறும் முன்னரே உட்கார்ந்தேன். உடைந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. அடிக்கும்போது நான் பிழைவிட்டுத் திருத்திய பெயர்கள்தான் உடைந்திருந்தன. ‘புதுவாழ்வு’க்கும் முதலில் ‘ள’ அடித்து, அதை அழித்துவிட்டு ‘ழ’ போட்டது நினைவுக்கு வந்தது.

சேர்வருக்குள் போய், வெறும் கோப்பொன்றில் ‘ள’ அடித்தேன். அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தினேன். திரையில் எழுத்து மறைந்தது. ஆனால் கோப்பைத் திறந்து பார்த்தால் இரண்டு துண்டுகள் உள்ளே கிடந்தன. கணினி ஒரு தமிழ் எழுத்தை மூன்று துண்டாக வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு துண்டு போதும். அந்தக் கறுப்புத் திரை முனையமோ ஒரு துண்டுதான் ஒரு எழுத்து என்று நம்பி, ஒன்றை மட்டும் அழித்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டது.

என் கணினியில் இதே சோதனை ஒழுங்காக நடந்தது. நான் சேர்வருக்குப் போகும் வழியில், கொழும்பு அலுவலகத்துப் பழைய கணினி ஒன்றைத் தாண்டவேண்டும். வருவது யூனிகோட் எழுத்து என்ற தகவல் அங்கேதான் விழுந்துபோனது.

அந்தத் தகவலைத் திரும்பக் கொடுக்கும் stty iutf8 என்ற கட்டளையைச் சேர்வரில் அடித்தேன். மறுபடி ‘ள’, மறுபடி அழிப்பு. கோப்பில் ஒன்றும் இல்லை.

அந்த வரியை, நான் உள்ளே போகும்போதெல்லாம் தானாக ஓடும் என் கணக்கின் தொடக்கக் கோப்பில் எழுதினேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, கேட்கவுமில்லை. பிறகு பொறுப்பாளரை அழைத்து அவர் கையாலேயே சோதிக்க வைத்தேன்.

“ஓம், விளங்குது. உம்மடை கணக்கிலை கிடக்கட்டும்,” என்றார்.

“எனக்கு மட்டும் போட்டால் காணாது, அண்ணை. மன்னாரிலை அடிக்கிறவைக்கும் இதே கரைச்சல்தான். எல்லாருக்கும் போடுங்கோ.”

“நீர் விடமாட்டீர்.”

“விடமாட்டன்.”

அன்று பின்னேரமே போட்டார். புது அட்டையை நானே காங்கேசன்துறைக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்துவிட்டு, அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

இப்போது அகரவரிசையில் தகராறு. கடைசியில் வரவேண்டிய ‘ற’வையும் ‘ன’வையும் சேர்வர் நடுவில் கொண்டுபோய் வைக்கிறது. தமிழ்ப் பெயர்களுக்கு வரிசை முக்கியமில்லை என்று பொறுப்பாளர் சொல்கிறார். முக்கியம் என்று நான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.