சத்தம் போடாத மெஷின்

உர்ர்... உர்ர்...

என் மகள் செல்வியின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன மெஷின் அப்படித்தான் உறுமும்.

வளைந்த முதுகெலும்பில் கம்பி வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். அப்போது பன்னிரண்டு வயது அவளுக்கு. என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டதாகப் பக்கத்தில் நின்று காட்டினாள். பிறகுதான் காய்ச்சல்... தையல் வழியே சீழ். கம்பிவரை இறங்கிவிட்டது என்றார்கள். திறந்து கழுவி, கசிவை உறிஞ்ச அந்த மெஷினை மாட்டினார்கள்.

அப்போது நான் நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். பம்பு வேலை. நிலக்கரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர் தரையைப் பிளந்து மேலே வரப் பார்க்கும். இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்பு சத்தம் நின்றால் போட்டது போட்டபடி ஓடுவோம்.

ஒரு காலை, அவள் மெஷின் அடங்கிவிட்டது. ஓடினேன்.

"சிஸ்டர், மோட்டாரு நின்னு பூடுச்சிங்க."

அவர் வந்து பார்த்துச் சிரித்தார். "ஓடிக்கினுதாங்க இருக்குது. புண்ணு மேல போட்ட ஒட்டுல காத்து கசிஞ்சாதான் கத்தும். கம்முனு இருந்தா நல்லா புடிச்சிருக்குன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போனது.

மெஷின் அமைதியாகத்தான் இருந்தது. சீழ்தான் அடங்கவில்லை. நரம்பில் மருந்து ஏற்றினார்கள். மறுபடி மறுபடி கழுவினார்கள். கடைசியில், கம்பியை எடுத்தால்தான் பிள்ளை பிழைக்கும் என்றார் டாக்டர்.

"எடுக்க வாணாம்பா. மறுபடியும் கோணிக்கும்பா" என்றாள் செல்வி.

கைநாட்டு வைத்தேன்.

பிழைத்தாள். வருஷம் போகப் போக முதுகு முன்னைவிட அதிகமாக வளைந்தது. இப்போது நெஞ்சுக்குள் மூச்சுக்கு இடமில்லை என்கிறார்கள்.

படுத்தபடியே எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது அவள்தான். அறுபது தாண்டிய வயதில் ஒரு வரி முடித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. "கடப்பாரை இல்லப்பா, போனு. மெதுவா தட்டு" என்கிறாள். மூச்சு வாங்க வாங்க.

கம்மாபுரம் பக்கம் எங்கள் வீடு. அவள் தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. ஊருக்கெல்லாம் கரண்டு தயாராகும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். எங்கள் தெருவில் கரண்டு போய்ப் போய் வருகிறது. மாற்றுக்கு ஒரு சின்ன சிலிண்டர். சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அன்று மெஷின் அடங்கினால் நிம்மதியாக உட்காருவேன்.

இன்று ஒரு விரலால் இதைத் தட்டும்போதும் காது அங்கேதான் இருக்கிறது...

சத்தம் வருகிறது. இன்னும் வருகிறது.