நான் வரைந்த ஹாஸ்டலில் குடியேறியவர்கள்

என் டிசைன் மாடல்களுக்கு எப்போதும் ஒரு வாசம் உண்டு... மக்காச்சோளத் தூளும் கருவாட்டுத் தூளும் கலந்த கோழித் தீவன வாசம்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நாமக்கல் பக்கம் எங்கள் ஊரிலிருந்து சேலத்தில் இருந்த ஆர்க்கிடெக்சர் காலேஜுக்கு மாடலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. சப்பையாகிவிடும். அதனால் எங்கள் பண்ணையின் முட்டை வண்டியில்தான் அது போகும். நாலு பக்கமும் முட்டை அட்டைகளை முட்டுக் கொடுத்து, நடுவில் என் கட்டடம். முட்டையே உடையாமல் போகிற வண்டியில் மாடல் எப்படி உடையும் என்பார் அப்பா.

உடையவில்லைதான். நான்தான் ஜூரியில் உடைந்து போவேன். வரைந்ததைச் சுவரில் மாட்டி, மாடலைப் பக்கத்தில் வைத்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய நாளுக்குத்தான் ஜூரி என்று பெயர்.

மூன்றாம் வருடம், அம்மாபேட்டையில் நெசவுக்காக ஒரு கலாச்சார மையம் வரையச் சொன்னார்கள். எந்தெந்த நாட்டு மியூசியத்தையோ நெட்டில் பார்த்துவிட்டு, காற்றில் பறக்கிற புடவை மாதிரி ஒரு கூரை போட்டேன். எனக்கே பெருமை தாங்கவில்லை. எங்கள் டிசைன் மேடம் கூரையின் பள்ளத்தில் பேனாவை வைத்துக் காட்டினார்.

"மழ பெஞ்சா இந்தத் தண்ணி எங்கம்மா போகும்?"

அதை யோசிக்கவே இல்லை... கூரை நடுவில் ஒரு குளமே தேங்கும்போல இருந்தது.

"சரி, கூரைய விடு. இதுல நீ எங்க இருக்க? உனக்குத் தெரிஞ்சது ஒண்ணுகூட இதுல இல்லையே!"

தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனேன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. என் கட்டடத்துக்குள் நான் எதற்கு இருக்க வேண்டும்? நிஜமாகவே புரியவில்லை.

நாலாம் வருடம், மோகனூர் பக்கம் காவிரிக் கரையோரம் ஒரு விவசாயக் கல்லூரி வளாகம், ஹாஸ்டலோடு. எல்லாம் காகிதத்தில்தான். இந்த முறை ஃபெயில் ஆனால் ஒரு வருடம் போய்விடும், ஜூனியர்களோடு உட்கார வேண்டியதுதான் என்று மேடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பயத்தில் நெட் பக்கமே போகவில்லை. பென்சிலை எடுத்தேன். கோடுகள் தானாக வந்தன...

நீள நீளமாக நாலு கட்டடம், கிழக்கு மேற்காக. அப்போதுதான் வெயில் உள்ளே இறங்காது. பக்கச் சுவர் இடுப்பளவு, அதற்கு மேலே காற்று புக ஓட்டை ஓட்டையாக ஜாலிச் சுவர். கூரை முகட்டில் சூடு வெளியேற ஓர் இடைவெளி. நடுவில் வெட்டாமல் விட்ட வேப்பமரம். இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

ஜூரிக்கு மார்க் போட வெளியூரிலிருந்து ஓர் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்திருந்தார். மாடலை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"நாமக்கல்லா?"

"ஆமாங்க சார்."

"வீட்ல கோழிப் பண்ணை இருக்கா?"

"இருக்குங்க சார்."

"தெரியுது."

அவ்வளவுதான். எதையோ எழுதிக்கொண்டு அடுத்த மாடலுக்குப் போய்விட்டார். கிளாஸே சிரித்தது. அப்போதுதான் என் மாடலை நானே ஒழுங்காகப் பார்த்தேன். அச்சு அசல் எங்கள் ஊட்டுக் கோழிச் செட்டு! அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

மேடத்தின் பின்னாலேயே ஓடினேன்.

"அவரு நல்லதாச் சொன்னாருங்களா, கெட்டதாச் சொன்னாருங்களா மேடம்?"

"எனக்கே புரியலம்மா."

தெரிந்ததை வரையவில்லை என்று போன வருடம் திட்டு. தெரிந்ததை வரைந்தால் இந்த வருடம் "தெரியுது". நான் என்னதான் செய்வது?

மாடல் மறுபடி முட்டை வண்டியேறி ஊருக்கு வந்து, தீவன மூட்டைகள் மேல் கிடந்தது. ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த ஒரு நாள், அப்பா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்கம்மிணி, புதுச் செட்டுக்குப் படம் போட்டு வெச்சிருக்கறதச் சொல்லவே இல்லீங்க?"

"அப்பா, அது காலேஜுங்க. பசங்க தங்கற ஹாஸ்டலுங்க."

இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

"இதுல பசங்க தங்கிக்குவாங்களா?"

"தங்கிக்குவாங்கப்பா."

"அப்பக் கோழி தாராளமாத் தங்குமுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ரிசல்ட் வருவதற்குள் அஸ்திவாரமே தோண்டிவிட்டார். வேப்பமரத்தைக்கூட நான் வரைந்தது போலவே நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் செட்டு.

ரிசல்ட்டும் வந்தது. பாஸ். மார்க்கைப் பார்த்தாவது அந்த "தெரியுது"வுக்கு அர்த்தம் பிடிபடும் என்று இருந்தேன். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை... நடுவாந்தரமாக ஒரு மார்க்.

அந்தச் செட்டில் கோழிகள் குடியேறி வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது நான் சேலத்தில் ஓர் ஆபீஸில் ஆர்க்கிடெக்டாக இருக்கிறேன். வெயில் எந்த மாதம் எந்த ஜன்னலில் விழும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. கண்ணாடி வேண்டும் என்கிறார்கள், கண்ணாடி வரைகிறேன். நன்றாகத்தான் வரைகிறேன். ஆனால் கோடுகள் அன்றைக்குப் போலத் தானாக வருவதில்லை. அது ஏன் என்றும் தெரியவில்லை.

போன மாதம் நான் வரைந்த ஒரு காலேஜ் பிளாக்கைத் திறந்தார்கள். அப்பாவைக் கூட்டிப் போனேன். நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஜில்லென்று ஏசி. மாடி மாடியாகச் சுற்றினார். கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். ஒரு ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். அது திறக்காத ஜன்னல்.

"எப்படிங்கப்பா இருக்குது?"

அண்ணாந்து ஒரு முறை முழுக்கப் பார்த்தார்.

"நம்ம செட்டு மாதிரியே இல்லீங்க அம்மிணி."

அவ்வளவுதான். நல்லதாகச் சொன்னாரா, கெட்டதாகச் சொன்னாரா...

காரில் திரும்பும்போது கேட்டே விடுவது என்று வாயெடுத்தேன். அப்பா ஏசியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை முழுசாக இறக்கி, முகத்தில் காற்று அடிக்க நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.