ஒரே பக்கத்தில் கல்யாணமும் காரியமும்

என் கணவர் சமையல்காரர். அதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. கல்யாணம், சீமந்தம் என்று ஆர்டர் வந்தால் அங்கே அடுப்பு எரியும். தெவசத்துக்கும் காரியத்துக்கும் அந்தந்த வீட்டுக்கே போய்ச் சமைப்பார். இரண்டும் ஒரே கைதானா என்று யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. கல்யாண வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒருத்தர் விடாமல் "போயிட்டு வரேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு வருவார். காரிய வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி வந்துவிடுவார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. எங்கள் பெண் கல்யாணத்துக்கு அவர் கையால் சமைக்க வேண்டும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே பந்தியில் என்னென்ன போடுவது என்று முடிவுசெய்துவிட்டார். "தாரை வார்க்கறதுக்கு மட்டும் கூப்பிடு. மத்த நேரமெல்லாம் அடுப்பங்கரையில இருப்பேன்" என்பார்.

நாளாக ஆக ஆர்டர் குறைந்தது. எல்லாரும் போனில் தேடித்தான் சமையல்காரரையே பிடிக்கிறார்கள் என்றார்கள். சரி, நாமும் ஒரு வெப்சைட் போடுவோம் என்று ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த பெண் கெட்டிக்காரி. "நீங்க என்னென்ன செய்றீங்களோ எல்லாத்தையும் சொல்லுங்க மேடம். போடலைன்னா தேடுறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நானும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். மேலே மாவிலைத் தோரணமும் மணமேடையும். அதற்கு நேர் கீழே, கொட்டை எழுத்தில், தெவசம், காரியச் சமையல்.

நேரில் ஒரு கல்யாண வீட்டுக்காரரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்போமா? வாய் வராது. திரையில் பார்த்தபோது இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.

வெப்சைட் நன்றாக வேலை செய்தது. வயிற்றெரிச்சலே அதுதான். கல்யாணச் சமையல் என்று தேடினால் ஊர்ப்பட்ட கம்பெனிகள் வரும், நாங்கள் எங்கோ அடியில் கிடப்போம். தெவசச் சமையல் என்று போட்டால் முதலில் நாங்கள்தான். போன் ஓயவில்லை. யார் எழுதிப் போட்டாலும் "உங்கள் இல்ல விழா சிறக்க வாழ்த்துகள்" என்று தானாகவே ஒரு பதில் போகும். அப்பாவின் தெவசத்துக்கு எழுதிய கோபாலபுரத்துக்காரர் ஒருவர் கூப்பிட்டு லெஃப்ட் அண்ட் ரைட் வாங்கிவிட்டார். போனை வைத்ததும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வெப்சைட்டை நினைத்து நான் சிரித்தது அதுதான் கடைசி.

கல்யாண ஆர்டர் அடியோடு நின்றது. பரம்பரையாக எங்களைக் கூப்பிட்ட வீடுகளே மழுப்பின. மறுபடி அந்தப் பெண்ணிடம் போய், தெவசத்தை எடுத்துவிடு என்றேன். "எடுத்துடலாம் மேடம். ஆனா உங்களுக்கு வர்ற போன் எல்லாமே அதுக்குத்தான் வருது. எடுத்தா எதுவுமே வராது" என்றாள். அவள் சொன்னது நிஜம். அதனால்தான் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. எடுக்காமலேயே திரும்பினோம்.

அந்தச் சமயத்தில்தான் பெண்ணுக்கு நங்கநல்லூரில் வரன் அமைந்தது. நல்ல மனிதர்கள். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு பையனின் அம்மா கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ மாமி. எங்காத்துப் பெரியவாள்லாம் உங்க வெப்சைட்டைப் பார்த்திருக்கா. சமையலுக்கு மட்டும் வேற யாரையாவது வெச்சுக்கலாமே."

எத்தனை வீடுகளில், அழுது களைத்தவர்களுக்கு அந்தக் கைதானே சோறு போட்டது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பெண்ணின் வாழ்க்கையாயிற்றே. "அதுக்கென்ன மாமி" என்றேன். அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவரிடம் சொன்னபோது அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "நல்லதாப் போச்சு, எனக்கு வேலை மிச்சம்" என்றார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தி.நகர் மண்டபத்தில் கல்யாணம். விடிந்ததும் அவர் கால் பழக்கத்தில் சமையலறைப் பக்கம் போனது. வாசலிலேயே தலைமைச் சமையல்காரர் மறித்துக்கொண்டார். "மாமா, நீங்க பொண்ணோட அப்பா. இங்கெல்லாம் வரலாமா? போய் ஜம்முனு உக்காருங்கோ." பிரியமாகத்தான் சொன்னார். இவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே போனாலும் ரசத்தில் உப்பு, பாயசத்தில் அடிப்பிடித்த வாசனை என்று ஏதாவது சொல்கிற மனிதர். சாயங்காலத்துக்குள் ஏதாவது குறை சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தேன். இலையில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டார். ஒன்றுமே சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

பெண்ணை அனுப்பிவைத்துவிட்டு நாங்கள் கிளம்பினோம். வெளியே போகிற வழி சமையலறையைத் தாண்டித்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தலைமைச் சமையல்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "கிளம்பிட்டேளா மாமா?" என்றார்.

இவர் பையைத் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போனார்.