தலைக்குக் குளித்த நாள்

என் தங்கை லீலா, சிராங்கூன் ரோட்டுத் தையல் கடையில் பதினோரு ஆண்டுகள் ரவிக்கை தைத்தாள். ஆளைப் பார்த்தே துணி வெட்டுவாள். ஒரு ரவிக்கைகூடத் திரும்பி வந்ததில்லை. தனக்குத் தைப்பதில் மட்டும் பக்கத் தையலுக்குள் இரண்டு விரல் துணியை மடித்து விடுவாள். பிள்ளை உண்டானால் பிரித்துத் தளர்த்த வேண்டுமே. கல்யாணமாகி ஏழு ஆண்டுகள் அந்தத் துணி உள்ளேயே கிடந்தது.

அவளுக்கு விலக்கு வருடத்துக்கு மூன்று முறை வந்தால் அதிகம். மோவாயில் முளைக்கும் முடியைக் கண்ணாடி முன் நின்று பிடுங்குவாள். 1968இல் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சினைப்பையில் முட்டை முதிர்ந்து வெளியேறாமல் சிறு கட்டிகளாகத் தங்கிவிடுகிறது என்றார். முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்களாம். இப்போது மாத்திரை வந்திருக்கிறதாம்.

"முதல்ல விலக்கு வர்றதுக்கு ஒரு மாத்திரை. வந்ததிலேருந்து அஞ்சாம் நாள் இந்த வெள்ளை மாத்திரை, தினம் ஒண்ணு, அஞ்சு நாளைக்கு. முட்டை வெளிய வந்தா கரு தங்கலாம். தங்கலேன்னா அடுத்த விலக்கு தானா, தேதிக்கு வரும்."

லீலாவின் மாமியார் கெடு வைத்தார். "மூணு மாசம் பாப்பேன். அப்புறம் எம்மவன ஊருக்கு அனுப்பிடுவேன். அங்க பொண்ணு இருக்கு."

நாள் கணக்கு என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்புப் படிப்புதான், ஆனால் என் கணக்கு பிசகாது. எங்கள் வீட்டில் விலக்கானால் மூன்று நாள் ஒதுங்கியிருந்து, நாலாம் நாள் தலைக்குக் குளிப்போம். பிள்ளைக்கு நாள் எண்ணுவது அந்தக் குளியலிலிருந்துதான். அந்த நாளைக் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, அதிலிருந்து ஐந்தாம் நாள் மாத்திரை கொடுத்தேன்.

மூன்று மாதமும் கருவும் தங்கவில்லை, விலக்கும் தானாக வரவில்லை. லீலாவின் கணவர் முத்துசாமி கப்பலேறினார். மறுவாரம் லீலாவோடு போய்க் காலண்டரை டாக்டரிடம் காட்டினேன்.

"இந்த வட்டம் என்னம்மா?"

"தலைக்குக் குளிச்ச நாள், டாக்டர்."

"ரத்தம் பட்ட நாள் எங்க?"

மூன்று கட்டம் முன்னால் விரலை வைத்தேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பிந்திக் குடுத்திருக்கீங்க. பலன் கொறைஞ்சிடுமேம்மா."

 பஸ்ஸை விட்டு இறங்கும்போது லீலா சொன்னாள். "விடுக்கா. பஸ் டிக்கெட்டையே நாலா மடிச்சு வைக்கிறவ நீ. வேணும்னேவா செஞ்சே? ஒரு மாசத்து மாத்திரை மிச்சமிருக்குல்ல, குடு."

"அவரே இங்க இல்லையேடி!"

"என் உடம்பால முடியுமான்னு பாக்கணும்."

இம்முறை ரத்தம் பட்ட நாளிலிருந்து எண்ணினேன். அவள் விழுங்குவதை ஐந்து நாளும் எதிரில் நின்று பார்த்தேன்.  பிறகு, விலக்கு வராமல் போகட்டும் என்று ஒரு மனம் வேண்டியது. வராவிட்டால் அந்த மூன்று மாதங்களை நான் கெடுக்கவில்லை என்றாகிவிடுமே.

இருபத்தொன்பதாம் நாள் காலை லீலா என் வீட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, வந்துடுச்சு."

அவள் வாழ்நாளில் முதல்முறையாகத் தேதிக்கு வந்திருந்தது. சிரித்தாள். நான் காலண்டர் பக்கம் திரும்பினேன்.

"பென்சில எடுக்கா. குளிக்கிற நாள்ல போடாத. இன்னைக்கே போடு."

போட்டேன்.

முத்துசாமி திரும்பவே இல்லை. லீலா தோ பாயோ அடுக்குமாடியில் என் வீட்டோடு வந்துவிட்டாள். மாதம் தவறாமல் அந்த மூன்று வட்டங்களும் என் கண்ணில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும், பிறந்திருக்கக்கூடிய ஒரு பிள்ளையின் வயதைக் கணக்கிடுகிறேன். போன வாரம் லீலா தனக்கு ஒரு நீல ரவிக்கை தைத்தாள். பக்கத் தையலைத் தடவிப் பார்த்தேன். உள்ளே இரண்டு விரல் துணி இருந்தது.